போன் வந்துவிட்டது, ஆள் வரவில்லை

காத்திருப்பது எந்த நிமிடத்தில் தொடங்குகிறது, எந்த நிமிடத்தில் முடிகிறது என்று எழுதி வைப்பது சில வருடங்கள் என் வேலையாக இருந்தது. வேலூரில் ஒரு மருந்துக் கடைக்கு மேலே, இரண்டு அறைகளில், செயலி வழியாகக் கார் அனுப்பும் ஒரு சிறிய நிறுவனம். வேலூர், காட்பாடி, குடியாத்தம், ஆம்பூர், இவ்வளவுதான் எங்கள் எல்லை. நான் கணினி டிப்ளமோ படித்தவள். செயலிக்கான விதிகளை எழுதுவதும், அவை சரியாக ஓடுகின்றனவா என்று சோதிப்பதும், ஓடாதபோது திட்டு வாங்குவதும் நான்தான்.

வாசலில் நிற்கும் காருக்கு என்ன கிடைக்கும் என்பதற்கு ஐந்து வரிகள் எழுதியிருந்தேன். ஒன்று, பயணி குறித்த இடத்துக்கு ஐம்பது மீட்டர் தூரத்துக்குள் கார் வந்ததும் கடிகாரம் ஓடத் தொடங்கும். இரண்டு, முதல் ஐந்து நிமிடம் இலவசம். மூன்று, ஆறாவது நிமிடத்திலிருந்து நிமிடத்துக்கு இரண்டு ரூபாய், முழுவதும் ஓட்டுநருக்கு. நான்கு, அரைமணி ஆகியும் பயணி வரவில்லை என்றால் ஓட்டுநர் சவாரியை ரத்து செய்துவிட்டுப் போகலாம். ஐந்து, பயணி வந்ததும் கடிகாரம் நின்றுவிடும்.

ஐந்தாவது வரியை எழுதும்போது அது மிக எளிதாகத் தெரிந்தது. எல்லாச் சண்டையும் அதில்தான் வந்தது. பத்து நிமிடம் நின்றேன் என்பார் ஓட்டுநர். உடனே வந்தேன் என்பார் பயணி. யாருடைய பேச்சை எடுத்துக்கொள்வது? எங்கள் பக்கத்தில் ஓட்டுநர் போன் செய்தால் வீட்டுக்குள்ளிருந்து வரும் பதில்களை நான் ஒரு நோட்டில் எழுதிவைத்திருந்தேன். 'வந்துட்டேன்' என்றால் சீப்பு இன்னும் கையில் இருக்கிறது. 'வந்துனே இருக்கேன்' என்றால் செருப்பைத் தேடுகிறார்கள். 'ரெண்டே நிமிஷம்' என்றால் குளியலறைக் கதவு இப்போதுதான் சாத்தப்பட்டிருக்கிறது. 'கேட்டு கிட்ட தான் இருக்கேன்' என்றால் எந்த கேட் என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

முதலாளி இந்தப் பட்டியலைப் படித்துச் சிரித்தார். பிறகு, வாய் பொய் சொல்லும், போன் சொல்லாது என்றார். பயணியின் போன் காருக்கு இருபது மீட்டருக்குள் வந்துவிட்டால் பயணி வந்துவிட்டதாக எடுத்துக்கொள் என்றார். அப்படியே எழுதினேன். ஓட்டுநருக்கு ஒரு பொத்தானும் கொடுத்தோம்: 'இன்னும் வரவில்லை'. அதை அழுத்தினால் கடிகாரம் தொடர்ந்து ஓடும். ஆனால் அழுத்தும்போது பயணியின் போன் பக்கத்திலேயே இருந்தால், காசுக்காகப் பொய் சொல்கிறார் என்று கணினி குறித்துக்கொள்ளும். அப்படி மூன்று குறிகள் விழுந்தால் ஓட்டுநரின் ஐ.டி. பதினைந்து நாள் மூடப்படும், சவாரி எதுவும் வராது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் மூட வேண்டியவர்களின் பட்டியல் என் மேசைக்கு வரும். நான் பார்த்து ஒப்புதல் கொடுத்தால்தான் அது மேலே போகும். நான் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

அந்த வேலையில் எனக்குப் பிடித்த நேரம் மாலை ஆறு மணி. அலுவலகத்தில் மின்விசிறிச் சத்தம் மட்டும் இருக்கும். கீழே மருந்துக் கடையில் யாரோ மாத்திரைப் பெயரை உரக்கப் படிப்பார்கள். என் திரையில் ஊர்கள் வெறும் கோடுகளாகக் கிடக்கும். சாலைகள் சாம்பல் நிறம், பாலாறு வெளிர்நீலம். உண்மையில் பாலாற்றில் மணல்தான், ஆனால் வரைபடத்தில் வருடம் முழுவதும் தண்ணீர் ஓடும். கார்கள் மஞ்சள் புள்ளிகள். பதிவு செய்த பயணிகளின் போன்கள் நீலப் புள்ளிகள். பாகாயத்தில் மாணவர்கள் ஒரு கடையிலிருந்து இன்னொரு கடைக்கு நகர்ந்துகொண்டே காரைக் காக்க வைப்பார்கள். காட்பாடி ரயிலடியில் நீலப் புள்ளிகள் கூட்டத்தில் வழிதவறியதுபோல் முன்னும் பின்னும் அலையும்.

ஆம்பூர்ப் பக்கம் மட்டும் வேறு மாதிரி. நெடுஞ்சாலை ஓரம் இருக்கும் ஷூ கம்பெனிகளில் ஓ.டி., அதாவது கூடுதல் நேர வேலை, இருக்கும் நாட்களில் கம்பெனி பஸ் முன்னதாகவே போய்விடும். ஆறரை மணிக்கு வேலை முடிக்கும் பெண்கள் நாலு பேராகச் சேர்ந்து ஒரு கார் எடுப்பார்கள். ஆறேகாலுக்கே அவர்களுடைய நீலப் புள்ளிகள் கேட்டருகே கூடி நிற்கும். அசையாது. கார் வருவதற்கு முன்பே வந்து நிற்பவர்கள் எங்கள் வாடிக்கையாளர்களில் இவர்கள் மட்டும்தான். எனக்கு அவர்கள்மேல் மரியாதை உண்டாயிற்று. மாலை வெளிச்சத்தில் சாப்பாட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, ஒருவரை ஒருவர் தொட்டபடி, ஒரு வார்த்தையும் பேசாமல் நிற்கும் பெண்களை நான் கற்பனை செய்துகொள்வேன். அவர்கள் புடவை நிறம்கூட எனக்குத் தெரிந்ததுபோல் இருக்கும். இரண்டு வருடங்கள் அந்தப் பெண்களை நான் மனதில் நிறுத்தி வைத்திருந்தேன்.

நானும் ஒரு ஷூ கம்பெனியில் பத்து மாதம் வேலை செய்தவள் என்பதை இங்கே சொல்ல வேண்டும். டிப்ளமோவுக்கு முன்னால், தைத்து வரும் மேல்தோலில் நூல் பிசகியிருக்கிறதா என்று பார்க்கும் வேலை. அப்போது எங்கள் வீட்டில் ஒரே போன். அது அப்பாவிடம் இருக்கும். நான் சாப்பாட்டுப் பையோடு உள்ளே போவேன், சாப்பாட்டுப் பையோடு வெளியே வருவேன். கேட்டருகே ஒரு சிறிய ஜன்னல் இருந்ததும், அங்கே மற்றவர்கள் வரிசையில் நின்றதும் நினைவில் இருக்கிறது. எதற்கு என்று நான் யோசித்ததில்லை.

ஆம்பூரில் ஓடும் ஓட்டுநர் ஒருவருக்கு ஏற்கெனவே இரண்டு குறிகள் விழுந்திருந்தன. ஒரு செவ்வாய்க்கிழமை மூன்றாவதும் விழுந்தது. மூன்றுமே ஒரே கம்பெனி வாசலில். ஐம்பது வயதைத் தாண்டியவர், எங்கள் செயலி தொடங்கிய நாளிலிருந்து ஓட்டுகிறவர், பயணிகள் யாரும் அவரைப் பற்றிப் புகார் எழுதியதில்லை. மூன்றாவது குறி விழுந்ததும் அவர் ஒரு குரல்பதிவு அனுப்பியிருந்தார்.

"மா, போன் வந்துடுச்சி. ஆளு வரல. நான் இன்னா பண்றது, சொல்லுங்க."

அவ்வளவுதான் அதில் இருந்தது. நான் அதைக் கேட்டு, விளக்கம் எழுதும் கட்டத்தில் ஒழுங்காகத் தட்டச்சு செய்தேன்: 'பயணி போனில் அழைத்ததாகவும், ஆனால் நேரில் வரவில்லை என்றும் ஓட்டுநர் கூறுகிறார்.' பிறகு அழைப்புப் பதிவைச் சரிபார்த்தேன். பயணி அவரை அழைக்கவே இல்லை. அவர்தான் பயணியை நான்கு முறை அழைத்திருந்தார். அதையும் எழுதினேன்: 'அழைப்பு எதுவும் வரவில்லை. ஓட்டுநர் கூற்று தவறு.' ஒரு பொய்க்கு மேல் இன்னொரு பொய் என்று கணக்காயிற்று.

மூடுவதற்கு முன்னால் ஓட்டுநரிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று நடைமுறை. மறுநாள் அழைத்தேன். அவர் கோபப்படவில்லை. வண்டியை ஓரம் கட்டிவிட்டுத்தான் பேசத் தொடங்கினார். பதினைந்து நாள் ஓட்டாவிட்டால் வீட்டில் சிரமம்தான், ஆனால் வண்டி நிற்பது பெரிதில்லை என்றார்.

"நான் பொய் சொன்னேன்னு இங்கிலீஷ்ல எழுதி வந்துருக்குது மா. என் பொண்ணு தான் படிச்சி சொல்லிச்சி. படிச்சிட்டு என் மூஞ்சிய பாக்காம போய்ட்டா. இருவத்தி மூணு வருசமா வண்டி ஓட்றேன். ஒருத்தரும் என்ன பொய்யன்னு சொன்னதில்ல."

கணினியில் தெரிவதை விளக்கினேன். பயணி பக்கத்தில் இருந்தபோது வரவில்லை என்று அழுத்தியிருக்கிறீர்கள் என்றேன்.

"சொன்னா புரியாது மா. நாளைக்கி ஓ.டி. இருக்குது. வந்து என் பக்கத்துல உக்காந்து பாருங்க."

வியாழக்கிழமை மதியம் மூன்று மணிக்கு அனுமதி வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். கையில் எடுத்துப்போனவை: அலுவலகச் செயலி உள்ள போன், சார்ஜர், நோட்டு, தண்ணீர் பாட்டில். ஆம்பூரில் பாலத்துக்கு அடியில் அவர் கார் நின்றிருந்தது. வெள்ளைக் கார். முன்சீட்டில் எனக்காக ஒரு துண்டை மடித்துப் போட்டிருந்தார், வெயிலில் சீட் சுடும் என்று. வழியில் அதிகம் பேசவில்லை. ஊருக்கு வெளியே வந்ததும் காற்றில் பசையும் ஈரத்தோலும் கலந்த வாசனை வந்தது. அது மூக்குக்கு வருவதற்கு முன் எனக்குப் பழைய பத்து மாதம் வந்துவிட்டது.

ஆறு பத்துக்குக் கம்பெனி மதிலோரம் நிறுத்தினார். காத்திருப்பதற்கு அவருக்கென்று ஒரு முறை இருந்தது. என்ஜினை நிறுத்துவார். நான்கு கண்ணாடிகளையும் இறக்குவார். சீட்டை ஒரு பல் மட்டும் பின்னால் சாய்ப்பார், இரண்டு பல் சாய்த்தால் தூக்கம் வந்துவிடுமாம். போனைப் பார்க்க மாட்டார், கேட்டையும் பார்க்க மாட்டார். கேட்டைப் பார்த்தால் நேரம் போகாது என்றார். எதிரில் இருந்த மலையைத்தான் பார்த்தார். நானும் பார்த்தேன்.

அந்தக் கால்மணி நேரம் எப்படிப் போனது என்று எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. மலை முதலில் பழுப்பாக இருந்தது, பிறகு ஊதா, பிறகு மலை இருந்த இடத்தில் வானத்தைவிடக் கொஞ்சம் கனமான ஒன்று இருந்தது. நெடுஞ்சாலைச் சத்தம் ஒரு போர்வையைப்போல் எங்கள்மேல் கிடந்தது. ஊருக்குள்ளிருந்து மக்ரிப் பாங்கு மிக மெலிதாக வந்தது, ஒரு மசூதியில் முடியும் இடத்தில் இன்னொன்று தொடங்கியது. மதிலுக்கு உள்ளே தையல் இயந்திரங்கள் மழைபோல் ஓடிக்கொண்டிருந்தன. நடுவில் ஒருமுறை அவர் இறங்கிப்போய் இரண்டு டீ வாங்கிவந்தார். நான் ஓட்டுநர்களின் காத்திருப்பை நிமிடங்களாக மட்டுமே பார்த்திருந்தேன். உள்ளே உட்கார்ந்தபோது அது நிமிடங்களாக இல்லை. ஒரு குளத்தில் கால் நனைத்துக்கொண்டிருப்பதுபோல் இருந்தது. எப்போது எடுத்தோம் என்று தெரியாது, எடுத்த பின்தான் ஈரம் தெரியும்.

ஆறு இருபத்தைந்துக்கு, சவாரிக்குப் பதிந்த நேரத்துக்கு ஐந்து நிமிடம் முன்பாக, செயலி கண் விழித்தது; முன்கூட்டிப் பதிந்த சவாரிக்கு அப்போதுதான் அது கணக்கைத் தொடங்கும். அவர் போன் திரையில் பச்சை எழுத்து வந்தது: 'பயணி வந்துவிட்டார்.' கடிகாரம் பூஜ்யத்தில் நின்றது. ஓடத் தொடங்கவே இல்லை.

நான் வெளியே பார்த்தேன். யாரும் இல்லை. கேட்டருகே காவலர் ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தார். என் போனில் அலுவலகத் திரையைத் திறந்தேன். நீலப் புள்ளி எங்களிடமிருந்து பன்னிரண்டு மீட்டரில் இருந்தது. நான் கதவைத் திறந்து இறங்கி, போனைக் கையில் பிடித்தபடி அந்தப் புள்ளியை நோக்கி நடந்தேன். பதினொன்று. எட்டு. ஐந்து. மதில் வந்துவிட்டது. மதிலில் கம்பி போட்ட ஒரு சிறிய ஜன்னல் இருந்தது.

ஜன்னலுக்கு உள்ளே ஷூ அச்சுகளை வைக்கும் பழைய மர அடுக்கு ஒன்று சுவர் முழுவதும் நின்றது. அதன் ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு போன். ஒவ்வொரு போனின்மேலும் நம்பர் போட்ட தகர வில்லை. நூறு இருக்கும், கூடவும் இருக்கும். சில திரைகள் தாமாக ஒளிர்ந்து அணைந்தன. யாருக்கோ வீட்டிலிருந்து செய்தி, யாருக்கோ பிள்ளையின் பள்ளியிலிருந்து. இருட்டும் அறையில் அந்த வெளிச்சங்கள் சத்தமில்லாமல் ஒன்றின்பின் ஒன்றாகக் கண் சிமிட்டின. காருக்கு முன்னால் வந்து, ஒரு வார்த்தை பேசாமல், அசையாமல் நின்றவர்கள் இவர்கள்தான்.

பின்னால் காரிலிருந்து ஓட்டுநர் தன் பயணியை அழைத்தார் போலிருக்கிறது. மூன்றாவது வரிசையில் ஒரு போன் நாதஸ்வரம் வாசித்தது. அதிர்ந்து அதிர்ந்து தன் கட்டத்தின் விளிம்புவரை நகர்ந்துவந்து நின்றது.

ஜன்னலில் ஒரு பெண் காவலர் தலையைக் காட்டினார். "இன்னா மா, போன் குடுக்கணுமா, வாங்கணுமா?"

ஒரு பயணியைத் தேடுகிறேன் என்றேன்.

"ஆளுங்கல்லாம் உள்ள தான் இருக்காங்க. இங்க போனு தான் இருக்குது," என்றார்.

மதிய இடைவேளையில் அதே நம்பர் போட்ட டோக்கனைக் கொடுத்துப் போனை வாங்கி, வீட்டுக்குப் பேசி, காரும் பதிந்துவிட்டு, மறுபடி கொடுத்துவிடுவார்களாம். வேலை முடிந்தால் அன்று செய்த ஜோடிகளின் எண்ணிக்கை கொடுக்க வேண்டும், பையைச் சோதனைக்குக் காட்ட வேண்டும், பிறகு இந்த ஜன்னலில் வரிசை. ஆறரை என்றால் ஏழாகும் என்றார். இதெல்லாம் ஊருக்கே தெரியுமே என்ற பாவனை அவர் முகத்தில் இருந்தது.

திரும்பிப் போய்க் காரில் உட்கார்ந்தேன். ஓட்டுநர் மலை இருந்த பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதான் மா சொன்னேன்," என்றார். "போன் வந்துடுச்சி. ஆளு வரல."

அவர் முதலிலேயே சொல்லியிருந்தார், கூட்டாமல் குறைக்காமல். போன் வந்தது என்றால் நமக்கெல்லாம் அழைப்பு வந்தது என்றுதான் காது கேட்கும். எனக்கும் அப்படித்தான் கேட்டது. அவர் சொன்னது வெறும் போனை. என் விதி ஆளைப் பார்க்காமல் போனைப் பார்க்கிறது என்பதை அவர் கண்டுபிடித்து, நாலே சொல்லில் எனக்கு அனுப்பியிருந்தார். நான் அதைத் திருத்தமான தமிழில் தப்பாக எழுதி, அவர் பெயருக்குக் கீழே சேர்த்திருந்தேன். என் தப்பு என்று அவரிடம் சொன்னேன். அவர் தலையசைத்தார். பரவாயில்லை என்று சொல்லவில்லை. எனக்கு அது சரியாகவே பட்டது.

ஆறு ஐம்பத்தெட்டுக்கு நாலு பெண்கள் வந்தார்கள். பேசிக்கொண்டே, ஒருவர்மேல் ஒருவர் இடித்துக்கொண்டே வந்தார்கள். நான் கற்பனை செய்த அமைதி அவர்களிடம் மருந்துக்கும் இல்லை. முன்சீட்டில் என்னைப் பார்த்ததும் ஒருத்தி, "அண்ணன் இன்னிக்கி தொணைக்கி ஆளு கூட்டினு வந்துருக்காரு டி," என்றாள். மூத்தவள் அவளை அடக்கிவிட்டு, ரொம்ப நேரம் ஆகிவிட்டதா என்று ஓட்டுநரைக் கேட்டாள்.

"இல்ல மா. இப்ப தான் வந்தேன்," என்றார் அவர்.

நாற்பத்தெட்டு நிமிடம் உட்கார்ந்திருந்த எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்த வாசலில் அவர் சொல்லி நான் கேட்ட ஒரே பொய் அது.

காரில் ஐந்தாவது ஆளுக்கு இடமில்லை. நான் இறங்கிக்கொண்டு ஷேர் ஆட்டோவில் பஸ் நிறுத்தம் போனேன்.

வெள்ளிக்கிழமை பட்டியலில் பதினொரு பெயர்கள் இருந்தன. ஒவ்வொன்றாக, குறி விழுந்த இடத்தைத் திறந்து பார்த்தேன். எட்டுப் பேர் ஷூ கம்பெனி வாசல்களில். முதலாளியிடம் போய், மர அடுக்கைப் பற்றியும் தகர வில்லைகளைப் பற்றியும் சொன்னேன். அவர் முழுவதும் கேட்டார். பிறகு நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். விதியை மாற்றிச் சோதித்து எல்லாப் போன்களுக்கும் அனுப்ப ஒரு மாதமாவது ஆகும், ஒரு பட்டியலை நிறுத்தினால் உண்மையாகவே ஏமாற்றுகிறவனும் தப்பிப்பான் என்றார். அதில் நியாயம் இல்லாமல் இல்லை.

"இந்த வாரம் இது போவட்டும் மா. அடுத்த மாசம் சரி பண்ணிடலாம்."

"எட்டு பேரு பொய் சொல்லல சார். நான் ஓகே குடுக்க முடியாது."

இதைச் சொல்லும்போது என் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. அவர் என்னைப் பார்த்தார், பட்டியலைப் பார்த்தார், மறுபடி நெற்றியைத் தேய்த்தார். கடைசியில் எட்டையும் எடுத்துவிட்டு மூன்றை மட்டும் அனுப்பச் சொன்னார். விதி மாறும்வரை கம்பெனி வாசல்களில் குறி விழாதபடி நான் அன்றே தடுத்துவைத்தேன். புது விதி ஐந்து வாரம் கழித்து வந்தது. இப்போது பயணி சீட்டில் உட்கார்ந்து நான்கு இலக்க எண்ணைத் தன் வாயால் சொன்னால்தான் கடிகாரம் நிற்கும்.

பழைய வெள்ளிக்கிழமைகள் இருந்தன. அவற்றில் நான் ஒப்புதல் கொடுத்த பெயர்கள் இருந்தன. அவர்களில் சிலர் அந்தப் பதினைந்து நாளுக்குப் பிறகு எங்கள் செயலிக்குத் திரும்பவே இல்லை. அவர்களையும் தேடி அழைத்தேன். அதை இங்கே விரிவாக எழுத எனக்கு விருப்பமில்லை.

பட்டியலிலிருந்து எட்டுப் பெயர்களை எடுத்த அந்த வெள்ளிக்கிழமை மாலை ஆம்பூர் ஓட்டுநரைத்தான் முதலில் அழைத்தேன். ஐ.டி. மூடப்படாது என்றேன். மூன்று நாளுக்கும் காத்திருந்த காசு வந்து சேரும் என்றும் சொன்னேன். சரி மா, சரி மா என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

"அந்த பொய்யின்னு எழுதனது?"

அழித்துவிட்டேன் என்றேன்.

"அழிச்ச எடத்துல இப்ப இன்னா இருக்குது?"

ஒன்றும் இல்லை, காலியாக இருக்கிறது என்றேன்.

"காலியா வுடாதீங்க மா. அன்னிக்கி ஒண்ணுமே நடக்கலன்ற மாதிரி ஆயிடும். நின்னான்னு எழுதுங்க."

அந்தக் கட்டத்தில் இஷ்டப்பட்டதை எழுத முடியாது. நான் முன்பே அடுக்கி வைத்த காரணங்களிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கத்தான் முடியும். பொய்க் காத்திருப்பு, தாமதம், ரத்து, தகாத பேச்சு, வழி மாற்றம். எல்லாமே குற்றங்கள். ஓட்டுநர் சரியாக நடந்துகொண்டார் என்று சொல்ல ஒரு சொல்லும் அதில் நான் வைத்திருக்கவில்லை. அவரை இணைப்பிலேயே இருக்கச் சொல்லிவிட்டு, ஆறாவதாக ஒரு வரியைச் சேர்த்தேன். 'வந்து நின்றார்.' அதைத் தேர்ந்தெடுத்து, மூன்று தேதிகளிலும் இட்டு, சேமித்தேன்.

மறுமுனையில் அவர் போனில் மூன்று முறை மணி ஒலித்தது. அவர் மெதுவாக எழுத்துக்கூட்டிப் படிப்பது கேட்டது. முதலாவதைப் படித்தார், இரண்டாவதையும் படித்தார், மூன்றாவதையும் விடவில்லை.

"சரி மா," என்றார். "சவாரி ஒண்ணு வந்துருக்குது. வைக்கிறேன்."